தவான் என்ற மூத்தவர்

சதீஷ் தவான் 2002 ஜனவரி 3 அன்று பெங்களூரில் காலமானார். அப்போது அவருக்கு வயது 81. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக ஏறத்தாழ 19 ஆண்டுகளும், இஸ்ரோவின் தலைவராகப் பன்னிரண்டு ஆண்டுகளும் இருந்தவர். விமானப் பொறியியலில் உலகம் மதித்த ஆய்வாளர். ஆனாலும் தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகள் வரை அவர் பெயர் வந்து சேர்ந்ததற்குக் காரணம் இந்தப் பதவிகளோ ஆய்வுகளோ இல்லை. அவருக்குக் கீழே வேலை பார்த்த ராமேஸ்வரத்துக்காரர் ஒருவர், போன ஊரிலெல்லாம் அவரைப் பற்றிச் சொன்னதுதான் காரணம்.

அப்துல் கலாம் தம் மூத்தவர்கள் பலரை நன்றியோடு நினைவுகூர்ந்தவர். அவர்களில் விக்ரம் சாராபாய், பிரம்ம பிரகாஷ், சதீஷ் தவான் ஆகிய மூவருக்கும் தனி இடம் உண்டு. தவானைப் பற்றி அவர் சொன்னவை பெரும்பாலும் சிறு சம்பவங்கள்: ஒரு சனிக்கிழமை வகுப்பு, ஒரு பத்திரிகையாளர் கூட்டம், அதற்கு அடுத்த ஆண்டு நடந்த இன்னொரு பத்திரிகையாளர் கூட்டம். ஒரு மூத்தவர் எப்படி இருக்க வேண்டும் என்பது அந்தச் சம்பவங்களுக்குள்ளேயே இருக்கிறது. தவானின் வாழ்க்கையோடு சேர்த்துப் பார்த்தால் அது இன்னும் தெளிவாகும்.

லாகூரில் தொடங்கிய படிப்பு

தவான் 1920 செப்டம்பர் 25-ஆம் தேதி ஸ்ரீநகரில் பிறந்தவர். படித்தது லாகூரின் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில். அங்கே அவர் வாங்கிய பட்டங்களை வரிசையாகப் பார்த்தால் வியப்பாக இருக்கும். கணிதமும் இயற்பியலும் சேர்ந்த இளங்கலை, ஆங்கில இலக்கியத்தில் முதுகலை, அதன்பின் 1945-இல் இயந்திரப் பொறியியல். பிறகு அமெரிக்கா சென்று மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1947-இல் விமானப் பொறியியலில் முதுகலை முடித்தார். அதே ஆண்டில் நாடு பிரிந்தது. அவர் படித்த லாகூர் வேறு நாட்டு ஊராகிவிட்டது.

அடுத்து கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகம். கால்டெக் என்று சுருக்கமாக அறியப்படும் அந்த நிறுவனத்தில் ஹான்ஸ் லீப்மன் என்ற பேராசிரியரிடம் ஆய்வு செய்து 1951-இல் முனைவர் பட்டம் பெற்றார். அவர் எடுத்துக்கொண்ட கேள்வி கேட்பதற்கு எளிமையானது. காற்று ஒரு தட்டையான பரப்பின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடும்போது அந்தப் பரப்பை எவ்வளவு விசையோடு பின்னுக்கு இழுக்கிறது? விமானத்தின் உடல் முழுக்க இந்த உராய்வு இருக்கிறது. எரிபொருளில் ஒரு பங்கு இதை வெல்லவே செலவாகிறது. அதை நேரடியாக அளப்பதுதான் கடினம்.

தவான் செய்தது இதுதான். பரப்பின் ஒரு சிறு துண்டை மட்டும் தனியே பிரித்து, சுற்றிலும் மிக மெல்லிய இடைவெளி விட்டு, மிதப்பது போலப் பொருத்தினார். காற்று அந்தத் துண்டை இம்மி நகர்த்தினாலும் கருவி அதைக் காட்டிவிடும். அந்த நகர்விலிருந்து விசை எவ்வளவு என்று கணக்கிடலாம். ஒலியின் வேகத்துக்குக் கீழும் மேலும் அவர் எடுத்த அளவுகளை அமெரிக்க விமானவியல் ஆலோசனைக் குழு 1953-இல் அறிக்கையாக வெளியிட்டது.

பெங்களூர்

1951-இல் தவான் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். 1955-இல் விமானப் பொறியியல் துறையின் தலைவரானார். இந்தியாவில் ஒலியை மிஞ்சிய வேகத்தில் காற்றோட்டத்தை ஆராய்வதற்கான முதல் காற்றுச் சுரங்கத்தை அங்கே அமைத்தவர் அவரே. சுரங்கம் என்றதும் பெரிதாக ஒன்றைக் கற்பனை செய்யவேண்டாம். காற்று பாயும் சோதனைப் பகுதியின் குறுக்களவு ஒரு அங்குலமும் மூன்று அங்குலமும்தான். ஒரு தீப்பெட்டியைச் சற்று நீட்டிவைத்தால் எவ்வளவோ அவ்வளவு. அந்த இடுக்குக்குள் ஒலியை முந்தும் காற்றைச் செலுத்தித்தான் மாணவர்கள் பாடம் படித்தார்கள்.

அந்த மாணவர்களில் ஒருவர் ரொத்தம் நரசிம்மா. பரப்பை ஒட்டி ஓடும் காற்று ஒழுங்கான ஓட்டத்திலிருந்து கலங்கலான ஓட்டத்துக்கு மாறும் கட்டத்தைப் பற்றி ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1958-இல் 'ஜர்னல் ஆஃப் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்' இதழில் வந்தது. அந்தத் துறையில் இன்றும் அது மேற்கோள் காட்டப்படுகிறது. பின்னாளில் நரசிம்மா இந்தியாவின் முன்னணிப் பாய்ம இயக்கவியல் அறிஞர்களில் ஒருவராக வளர்ந்தார்.

1962-இல், 42 வயதில், தவான் அந்தக் கழகத்தின் இயக்குநரானார். 1981 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். கழகத்தின் வரலாற்றில் அவ்வளவு நீண்ட காலம் இயக்குநராக இருந்தவர் வேறு யாரும் இல்லை. நல்ல ஆட்களைத் தேடிப் பிடித்து, அவர்களுக்கு வேண்டிய இடத்தை ஒதுக்கிக் கொடுத்துவிட்டு, குறுக்கே நிற்காமல் விலகிக்கொள்வது அவருடைய நிர்வாக வழி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் கொல்லாஜன் புரதத்தின் முச்சுருள் அமைப்பைக் கண்டுசொன்ன ஜி.என். ராமச்சந்திரன், தவானின் அழைப்பின்பேரில் பெங்களூர் வந்து மூலக்கூறு உயிரியற்பியல் பிரிவைத் தொடங்கினார். கிராமங்களுக்கான தொழில்நுட்பத்துக்கென்று ஏ.கே.என். ரெட்டி 1974-இல் 'அஸ்த்ரா' என்ற மையத்தைத் தொடங்கியதும், சூழலியலாளர் மாதவ் காட்கில் கழகத்தில் சேர்ந்ததும் தவான் காலத்தில்தான். பொறியியலுக்குப் பெயர்போன ஒரு கழகத்தில் கிராமத்து அடுப்புக்கும் காட்டு யானைக்கும் ஆராய்ச்சியில் இடம் கிடைத்தது.

சனிக்கிழமை ஒரு மணி

கலாமுக்கும் தவானுக்கும் உள்ள உறவு இஸ்ரோவில் தொடங்கியது அல்ல. கலாம் பெங்களூரில் விமானவியல் மேம்பாட்டு நிறுவனத்தில் இளம் பொறியாளராக இருந்தபோது, தரைக்குச் சற்று மேலே மிதந்து செல்லும் ஹோவர்கிராஃப்ட் ஒன்றை உருவாக்கும் வேலை அவரிடம் வந்தது. அதற்கு எதிரெதிர்த் திசையில் சுழலும் இரட்டை விசிறி வேண்டும். அதை வடிவமைக்கும் விதம் கலாமுக்குத் தெரியவில்லை. யாரைக் கேட்பது என்று விசாரித்தபோது தவானைக் கைகாட்டினார்கள்.

அந்தச் சந்திப்பைக் கலாம் பிற்காலத்தில் பல மேடைகளில் விவரித்திருக்கிறார். தவான் வடிவமைப்பைப் போட்டுக் கொடுத்துவிடவில்லை. முடியாது என்று திருப்பி அனுப்பவும் இல்லை. அடுத்த ஆறு வாரங்களுக்குச் சனிக்கிழமைதோறும் மதியம் ஒரு மணியிலிருந்து இரண்டு மணி வரை தம்மிடம் வந்து பாடம் கேட்டால், கலாமே அதை வடிவமைத்துவிடலாம் என்றார். ஆறு வாரத்துக்கும் என்னென்ன பாடம் என்று கரும்பலகையில் எழுதினார். படித்துவிட்டு வரவேண்டிய நூல்களையும் சொன்னார்.

முதல் வகுப்பிலேயே அவர் கேள்விகளைத்தான் அடுக்கினார். இளம் பொறியாளருக்கு எது தெரியும், எது தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பதைப் பிரித்தெடுக்கும் கேள்விகள். ஆறு வாரம் முடிந்தபோது கலாம் விசிறியை வடிவமைக்கத் தயாராகியிருந்தார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கேட்டவர் வேறொரு அலுவலகத்தைச் சேர்ந்தவர். தவான் அப்போதே பெரிய இடத்தில் இருந்தவர். யாரோ ஓர் இளைஞருக்காக ஆறு சனிக்கிழமை மதியங்களை ஒதுக்கவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. ஒதுக்கினார். ஆனால் அந்த நேரத்தை வீணடிக்க விடவும் இல்லை. அவருடைய கனிவில் கண்டிப்பும் கலந்தே இருந்தது. இளையவரால் முடியும் என்று நம்பியதால்தான் அவரிடம் அவ்வளவு உழைப்பை எதிர்பார்த்தார்.

இரண்டு நிபந்தனைகள்

1971 டிசம்பர் 30 அன்று இந்திய விண்வெளித் திட்டத்தின் தந்தை விக்ரம் சாராபாய் திருவனந்தபுரத்தை அடுத்த கோவளத்தில் திடீரென்று காலமானார். தவான் அப்போது கால்டெக்கில் இருந்தார். கழகத்திலிருந்து ஓராண்டு விடுப்பு எடுத்துக்கொண்டு, பழையபடி ஆசிரியராகவும் ஆய்வாளராகவும் நாள்களைக் கழித்துக்கொண்டிருந்தார். விண்வெளித் திட்டத்தை ஏற்று நடத்த வரவேண்டும் என்று பிரதமர் இந்திரா காந்தியிடமிருந்து அழைப்பு வந்தது.

தவான் ஒப்புக்கொண்டார். ஆனால் இரண்டு நிபந்தனைகள் வைத்தார். இஸ்ரோவின் தலைமையகம் பெங்களூரில் இருக்க வேண்டும். அறிவியல் கழகத்தின் இயக்குநர் பொறுப்பையும் தாம் தொடர்ந்து வகிக்க வேண்டும். இரண்டையும் பிரதமர் ஏற்றார். தவான் திரும்பும்வரை எம்.ஜி.கே. மேனன் பொறுப்பைப் பார்த்துக்கொண்டார். 1972-இல் விண்வெளி ஆணையமும் விண்வெளித் துறையும் அமைக்கப்பட்டன. அதே ஆண்டு தவான் பொறுப்பேற்றார்.

இரண்டாவது நிபந்தனையால் நாட்டுக்குக் கிடைத்த பலன் பெரிது. ஒரு காலைக் கல்விக்கூடத்திலும் மறு காலை ராக்கெட் திட்டத்திலும் வைத்திருந்ததால், வகுப்பறைப் பழக்கம் ஒன்று இஸ்ரோவுக்குள் நுழைந்தது. எந்தக் கருவியாக இருந்தாலும், எந்த வடிவமைப்பாக இருந்தாலும் வெளியிலிருந்து வந்த பேராசிரியர்களும் வேறு ஆய்வகத்து வல்லுநர்களும் உட்கார்ந்த குழு முன்னால் வைத்து விளக்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் இளையவர் மூத்தவரை மறுத்துப் பேசலாம். பதவியைக் காட்டி ஒரு கணக்கைச் சரியென்று நிறுவ முடியாது. இன்று இஸ்ரோவின் பலமாகச் சொல்லப்படும் மறுஆய்வு முறை இப்படி வேரூன்றியதுதான்.

அவருடைய காலத்தில் நடந்தவை ஏராளம். பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டைக் கொட்டகைகளில் யு.ஆர். ராவ் தலைமையில் உருவான ஆர்யபட்டா, 1975 ஏப்ரல் 19 அன்று சோவியத் ராக்கெட்டில் ஏறிப்போனது. 1975 ஆகஸ்டிலிருந்து ஓராண்டு, அமெரிக்கச் செயற்கைக்கோளின் உதவியோடு 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி போய்ச் சேர்ந்தது. பாஸ்கரா, ஆப்பிள் ஆகிய செயற்கைக்கோள்கள் வந்தன. ஆனால் சொந்த மண்ணிலிருந்து, சொந்த ராக்கெட்டில் ஏவ வேண்டும் என்ற கனவு எஸ்.எல்.வி.-3 என்ற திட்டத்தில் இருந்தது. அதன் திட்ட இயக்குநர் கலாம்.

317 விநாடி

எஸ்.எல்.வி.-3, 22 மீட்டர் உயரம், 17 டன் எடை. நான்கு அடுக்குகளிலும் திட எரிபொருள். 40 கிலோ அளவிலான செயற்கைக்கோளைப் பூமியைச் சுற்றவைப்பது அதன் நோக்கம். சென்னைக்கு வடக்கே, பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டா தீவிலிருந்து 1979 ஆகஸ்ட் 10 காலை 7.58 மணிக்கு அது கிளம்பியது.

கிளம்புவதற்கு முன் நடந்ததைக் கலாம் தம் உரைகளில் மறைக்காமல் சொன்னார். கவுண்ட்டவுன் முடியப்போகும் நேரத்தில் கணினி ஏவுதலை நிறுத்தச் சொன்னது. கட்டுப்பாட்டு அமைப்பில் ஏதோ கசிவு. உடனிருந்த வல்லுநர்கள் கணக்குப் பார்த்து, கையிருப்பு போதும், போகலாம் என்றார்கள். கலாம் கணினியை மீறி ஏவச் சொன்னார்.

முதல் அடுக்கு ஒழுங்காக எரிந்தது. இரண்டாம் அடுக்கு தன் கட்டுப்பாட்டை இழந்தது. அந்த அடுக்கைத் திசைமாறாமல் பிடித்துவைக்கும் அமைப்புக்குத் தேவையான நைட்ரிக் அமிலம் ஒரு வால்வு வழியாகக் கசிந்து போயிருந்தது. புறப்பட்ட 317 விநாடிகளில் ராக்கெட் செயற்கைக்கோளோடு வங்கக் கடலில் விழுந்தது. பல ஆண்டு உழைப்பு, ஐந்தே கால் நிமிடத்தில் முடிந்துவிட்டது.

கலாம் உடைந்துபோனார். உறக்கம் மட்டுமே வேண்டும் என்ற நிலையில் போய்ப் படுத்துவிட்டார். பிற்பகலில் அவர் கண்விழித்தபோது, விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் இயக்குநர் பிரம்ம பிரகாஷ் படுக்கையருகே உட்கார்ந்திருந்தார். ராக்கெட்டைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. சாப்பிடப் போகலாமா என்று மட்டும் கேட்டார். இதை 'அக்னிச் சிறகுகள்' நூலில் கலாம் பதிவு செய்திருக்கிறார்.

பத்திரிகையாளர்கள் காத்திருந்தார்கள். இந்தியாவின் பத்திரிகைகளோடு வெளிநாட்டு நிருபர்களும் வந்திருந்தார்கள். ஏழை நாட்டின் பணத்தைக் கடலில் கொட்டிவிட்டதாகப் பேச்சு எழும் என்பது எல்லோருக்கும் தெரியும். திட்ட இயக்குநர் கலாம்தான். பதில் சொல்லவேண்டியவரும் முறைப்படி அவர்தான். தவான் அவரை முன்னால் நிறுத்தவில்லை. தாமே போய் உட்கார்ந்தார். இந்த முறை தோற்றுவிட்டோம், இந்தக் குழுவின்மீது தமக்கு முழு நம்பிக்கை உண்டு, அடுத்த ஆண்டு இவர்கள் வெற்றி பெறுவார்கள் என்ற பொருளில் பேசினார். கேள்விகள் அத்தனையும் அவரை நோக்கியே வந்தன.

மறுநாள் கூட்டம்

வெளியே அரணாக நின்றவர், உள்ளே தவற்றை மூடி மறைக்கவில்லை. மறுநாளே ஆய்வுக் கூட்டம் கூடியது. எது எங்கே எப்படித் தவறியது என்று ஒவ்வொன்றாக அலசினார்கள். பின்னர், ஆய்வின் முடிவுகளைத் தவான் முன் வைத்த கூட்டத்தில் கலாம் எழுந்து, தோல்விக்குப் பொறுப்பு தம்முடையது என்று ஏற்றுக்கொண்டார். அதற்குத் தவான் கண்டிக்கவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. கலாமையே சுற்றுப்பாதையில் ஏற்றிவிடப்போவதாக அறிவித்துவிட்டு எழுந்து போனார். கூட்டம் அத்தோடு முடிந்தது. அந்த ஒரு வாசகத்தில் கலாமின் பொறுப்பு பறிபோகாது என்ற உறுதி இருந்தது. அடுத்த முறை வென்றே ஆகவேண்டும் என்ற கட்டளையும் இருந்தது.

அதே குழு, அதே திட்ட இயக்குநர். ஆளை மாற்றவில்லை, கோளாறைச் சரிசெய்தார்கள். 1980 ஜூலை 18 காலை எஸ்.எல்.வி.-3 மறுபடியும் கிளம்பியது. 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையில் சேர்ந்தது. சொந்த ராக்கெட்டில் செயற்கைக்கோளை ஏவும் நாடுகளின் வரிசையில் இந்தியா இடம்பிடித்தது.

மீண்டும் பத்திரிகையாளர் கூட்டம். இந்த முறை தவான் கலாமை அழைத்து, நீங்களே போய்ப் பேசுங்கள் என்றார். தோல்வி வந்தபோது தலைவர் அதைத் தாம் வாங்கிக்கொண்டார், வெற்றி வந்தபோது குழுவிடம் கொடுத்துவிட்டார் என்று கலாம் இதைச் சுருக்கமாகச் சொல்வார். தலைமை என்றால் என்ன என்று எந்தப் புத்தகமும் தமக்குச் சொல்லித்தரவில்லை, இந்த நிகழ்ச்சிதான் கற்றுத்தந்தது என்பது அவருடைய கருத்து.

1981-இல் தவானுக்கு பத்ம விபூஷண் விருதும் கலாமுக்கு பத்ம பூஷண் விருதும் கிடைத்தன. 1982-இல் ஏவுகணைத் திட்டத்துக்காகக் கலாமை ஹைதராபாத்துக்குக் கேட்டார்கள். கைதேர்ந்த ஒருவரை இழப்பது எந்த நிறுவனத்துக்கும் வருத்தமானதே. தவான் அவரை வழியனுப்பிவைத்தார்.

பூநாரையும் கூழைக்கடாவும்

1984-இல் இஸ்ரோ தலைமையை யு.ஆர். ராவிடம் ஒப்படைத்த பிறகும் தவான் ஆய்வை விடவில்லை. அவர் மனம் பறவைகளின் பக்கம் திரும்பியது. ராக்கெட் ஏவும் தீவுக்கு அருகிலேயே பழவேற்காடு ஏரி. பருவம் வந்தால் பூநாரைகளும் கூழைக்கடாக்களும் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும் நீர்ப்பரப்பு அது. விமானத்தில் இறக்கை தாங்கிப்பிடிக்கும், தள்ளுவதற்கு வேறு எஞ்சின் வேண்டும். பறவைக்கு இரண்டையும் செய்வது ஒரே சிறகுதான். வாழ்நாள் முழுக்கக் காற்றின் ஓட்டத்தைக் கணக்கிட்டவருக்கு இதைவிட அழகான கேள்வி இருக்க முடியாது. பறவைகளின் பறத்தல் பற்றி அவர் எழுதிய நூலை இந்திய அறிவியல் அகாடமி 1991-இல் வெளியிட்டது.

நினைவு

தவான் மறைந்த எட்டாவது மாதம், 2002 செப்டம்பர் 5 அன்று, ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்துக்கு சதீஷ் தவான் விண்வெளி மையம் என்று பெயர் சூட்டப்பட்டது. அன்று ஆசிரியர் தினம். கலாம் அதற்கு ஆறு வாரம் முன்புதான் குடியரசுத் தலைவராகியிருந்தார். அடுத்த வாரமே, செப்டம்பர் 12 அன்று, வானிலைச் செயற்கைக்கோளைச் சுமந்துகொண்டு பி.எஸ்.எல்.வி. அங்கிருந்து கிளம்பியது. சந்திரயானும் மங்கள்யானும் அந்தப் பெயர் தாங்கிய தளத்திலிருந்தே புறப்பட்டன. பழவேற்காட்டுக் கரையில் ஏவுதலைப் பார்க்க நிற்பவர்கள், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒவ்வொரு முறையும் அந்தப் பெயரைக் கேட்கிறார்கள்.

மற்றொரு நினைவுச் சின்னத்தைக் கலாம் எழுப்பினார். குடியரசுத் தலைவர் மாளிகையில் இருந்தபோதும், அதற்குப் பிறகும், மாணவர்களும் மேலாளர்களும் அதிகாரிகளும் தலைமைப் பண்பு பற்றிக் கேட்டபோதெல்லாம் அவர் 1979-ஐயும் 1980-ஐயும் சொன்னார். அந்தக் கதையில் கணினியை மீறியதும் தோற்றதும் தாமே என்று சொல்லத் தயங்கவில்லை. தம் பிழையை எடுத்துச்சொன்னால்தான் அதைத் தோளில் தாங்கியவரின் பெருமை விளங்கும் என்பதால், குடியரசுத் தலைவரான பின்னும் அந்தப் பகுதியை அவர் விடவில்லை. 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மாணவர்கள் முன் பேசிக்கொண்டிருக்கும்போதே கலாமும் மறைந்தார்.

தவான் விட்டுச்சென்றவற்றில் ஆய்வுக் கட்டுரைகள் இருக்கின்றன, காற்றுச் சுரங்கம் இருக்கிறது, துறைகள் இருக்கின்றன. அவற்றோடு, வேலையிடத்தில் மூத்தவராக இருப்போர் கைக்கொள்ளத்தக்க ஒரு வழக்கமும் இருக்கிறது: இளையவருக்கு நேரம் கொடுத்துக் கற்பிப்பது, பழி வரும்போது முன்னால் நிற்பது, பாராட்டு வரும்போது அவரை முன்னால் அனுப்புவது.